எதிர்க்கடைப் பிளேட்டு

காயத்ரி ஜபத்தின் நடுவில் பசுபதி அந்த டாக்கிப் பாட்டை முணுமுணுத்துவிட்டார். ஒரே ஒரு வரிதான். அது அடுக்களையில் இருந்த மனைவி ஸ்யாமளாவின் காதில் விழுந்துவிட்டது.

"இன்னிக்கு ஜபம் தாளத்தோட நடக்கறது போலிருக்கே" என்றாள்.

பசுபதி ஆபீஸில் குமாஸ்தா. ஆபீஸ் விட்டால் சங்கீத ரஞ்சனி சபாவின் காரியதரிசி. 'டாக்கிப் பாட்டு வந்தது, ஜனங்களின் காது போயிற்று' என்று போன மாதம்தான் சபாவில் ஒரு மணி நேரம் பேசியிருந்தார். கேட்டவர்கள் ஒன்பது பேர். அவர் வாயிலேயே அது வந்துவிட்டதென்றால், குற்றம் எதிர்வீட்டு வாசலில் டீக்கடை போட்டிருந்த சங்கிலியுடையது. கடையில் ஒரு கிராமபோன் உண்டு. பொழுது விடிந்தால் அதே சினிமாப் பாட்டுப் பிளேட்டுத்தான்.

நேரே கடைக்குப் போனார்.

"சங்கிலி, உன் குழாய் நேரா என் வீட்டைப் பார்த்துண்டிருக்கு. கொஞ்சம் திருப்பி வையேன்."

"அதுக்கென்ன சாமி, வச்சாப் போச்சு."

திருப்பியும் வைத்தான். பாட்டு பக்கத்து நெல் கிட்டங்கியின் சுவரில் மோதி, ஒன்றுக்கு இரண்டாக வீட்டுக்குள் வந்தது.

பசுபதி யோசித்தார். வெறுமனே தடுத்தால் போதாது, நல்லதைக் காட்ட வேண்டும். சபா பீரோவிலிருந்து மூன்று கர்நாடக சங்கீதப் பிளேட்டுகளை எடுத்துவந்து சங்கிலியிடம் கொடுத்தார்.

நாலாம் நாள் அவன் அவற்றைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தான்.

"எப்படி, ஜனங்க கேட்டாளா?"

"ஒசத்தியான பிளேட்டு சாமி. சாவி குடுத்து வைக்க வேண்டியதுதான், அம்புட்டுப் பேரும் டீயை மடக்குன்னு குடிச்சிட்டுக் கெளம்பிர்றாக. கடை அடைக்கிற நேரத்துக்கு ஒண்ணே ஒண்ணை மட்டும் வச்சுக்கிரட்டுமா?"

போன கூட்டத்தைத் திரும்பப் பிடிக்க, மறுநாளிலிருந்து டாக்கிப் பாட்டு அரை மணி முன்னதாகவே ஆரம்பித்தது. பசுபதி ஆபீஸுக்குக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கும்போதே வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுக் கடை பெஞ்சில் இடம் பிடிப்பார்கள். சபாவில் முதல் வரிசைக்கே ஆள் தேட வேண்டியிருக்கிறது. இங்கே நிற்க இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை காலியாகக் கிடக்கும். வாரத்தில் ஒரு நாளாவது ஊருக்குப் புத்தி வருகிறதே என்று நினைத்துக்கொள்வார்.

அவருக்கு உள்ளூர ஒரு குறை உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு நவராத்திரியில், நாலு பேர் எதிரில் ஸ்யாமளா கல்யாணி ராகம் பாடினாள். அப்படி ஒரு குரலை அவர் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்ததோ, "அந்த இடத்துல ஸ்வரம் நழுவறது, ஸ்யாமளா" என்பதுதான்.

அவள் சிரித்தபடியே எழுந்து குங்குமச் சிமிழை எடுக்கப் போனாள். அதற்குப் பிறகு பாடவில்லை. கேட்கும்போதெல்லாம் தொண்டை கட்டியிருக்கிறது என்பாள். சபாவில் யார் பாடினாலும் பசுபதி கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பழைய குரலைத்தான் தேடுவார். மனுஷி பக்கத்திலேயே இருக்கும்போது இப்படி ஏங்குவதை யாரிடம் சொல்ல முடியும்?

கடைசியில் ஒரு நாள், பிளேட்டையே இரவல் கேட்டு வாங்கி வந்துவிடுவது என்று முடிவு செய்தார்.

"இதையா சாமி?" சங்கிலி தயங்கினான். ஏதோ சொல்ல வந்து அவர் வீட்டு ஜன்னலைப் பார்த்தான். "சரி, எடுத்துட்டுப் போங்க. ஒரு வாரத்துல குடுத்துருங்க."

அதைப் பஞ்சாங்கத்துக்கு அடியில் ஒளித்துவைத்தார். தெருவே அடங்கிப் போயிற்று. வீடு அதைவிட அடங்கிப் போயிற்று. திங்களன்று ரசத்தில் உப்பில்லை. புதனன்று ரசமே இல்லை.

"எதிர்க்கடையில என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள் ஸ்யாமளா, மோர் ஊற்றியபடி.

"நான்தான் நிறுத்தினேன்."

பசுபதி இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நினைத்தார்.

"வீடு எவ்வளவு நிசப்தமா இருக்கு பாரு. ஒரே ஒரு கல்யாணி பாடேன். நான் எதுவும் சொல்லமாட்டேன்."

"தொண்டை கட்டிண்டிருக்குன்னா" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் வண்டிக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள். முன்னால் சங்கிலி. அவனுக்குப் பின்னால் மேலூரிலிருந்து நெல் ஏற்றி வரும் முத்துக்கருப்பன், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பிளேட்டைக் கேட்டு வந்திருக்கேளாக்கும்" என்றார் பசுபதி. "அந்த மூணு நிமிஷப் பாட்டுல அப்படி என்னப்பா இருக்கு? சங்கீதம்னா என்னன்னு என்னிக்காவது காது குடுத்துக் கேட்டிருக்கேளா?"

"வேணாம்ணே, சொல்லாதே" என்று சங்கிலி முத்துக்கருப்பனின் கையைப் பிடித்து இழுத்தான். அவன் கேட்கவில்லை.

"பிளேட்டு யாருக்கு சாமி வேணும்? அது ஓடுனாத்தான், நீங்க ஆபீசுக்குப் போன பொறவு, ஒங்க வீட்டு அம்மா கூடச் சேந்து பாடுவாக; அது நின்ன பொறவும் வார்த்தையே இல்லாம அரை மணி நேரம் இழுப்பாக பாருங்க, அதைக் கேக்கத்தான் நாங்க இம்புட்டுப் பேரும் டீ குடிக்கிற மாதிரி ஒக்காந்திருக்கோம்."