முந்நூறு முட்டையும் மூன்று மூக்குக்கண்ணாடியும்

கண்ணாடிக் கடைக்குள் சைக்கிளைக் கொண்டுவரக் கூடாது என்று சுப்பராயன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஸ்டானிஸ்லாஸ் கேட்கவில்லை. நட்ட நடுக் கடையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

“சைக்கிள்ல போறதுக்குத்தான ஸார் கண்ணாடி? நாற்காலில குந்திக்கினு போட்டுப் பாத்தா இன்னா தெரியும்?”

“கண்ணாடி உன் மூக்குக்கா, சைக்கிளுக்கா?”

“ரெண்டுக்கும்தான்.”

ஸ்டானிஸ்லாஸ் பதினாலு வருஷமாக ராயபுரம் அப்துல் வஹாப் பாயின் முட்டை மண்டியில் சைக்கிள்காரன். பின்னால் பெரிய கூடையைக் கட்டிக்கொண்டு திருவொற்றியூர் வரை போய் முட்டை போட்டுவிட்டு வருவான். இந்தப் பதினாலு வருஷத்தில் ஒரு முட்டை உடைந்தது கிடையாது. இத்தனைக்கும் பத்தடிக்கு அப்பால் நிற்பது மனிதனா விளக்குக் கம்பமா என்று அவனுக்குத் தெரியாது. அந்த ரகசியத்தை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒருவருக்கும் தெரியாது என்றே நம்பிக்கொண்டிருந்தான்.

போன வாரம் அது அம்பலமாகிவிட்டது. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்குத் தினம் முந்நூறு முட்டை வேண்டும் என்றார்கள். மானேஜர் ஜேக்கப்பைப் பார்க்கப் போனவன், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அவருடைய கோட்டுக்குக் குனிந்து ஒரு சலாம் போட்டு, “முட்டைய எங்க எறக்கட்டும் ஸார்?” என்று கேட்டான். பதில் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

வஹாப் பாய் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“இதோ பாரு ஸ்டானிஸு. கண்ணாடி போட்டுக்கினு வந்தாத்தான் ஆச்சுன்றாரு மானேஜர். சனிக்கெழமை வரைக்கும் பாப்பாராம். முட்டை ஒழுங்கா வந்தா ஆர்டர் நம்பளுக்கு. இல்லாங்காட்டி வேற மண்டி. ஆர்டர் போச்சுன்னா சைக்கிளை நம்ப மண்டிப் பையன் அலி அக்பர்கிட்ட குடுத்துருவேன். நீ உள்ள குந்திக்கினு அழுகுன முட்டைய பொறுக்கு.”

ஸ்டானிஸ்லாஸ் சைக்கிளின் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டான். முட்டை பொறுக்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் காலை வெயிலில், கடல் காற்று சட்டைக்குள் புகுந்து உப்ப, காசிமேட்டு வளைவில் காலை ஆட்டிக்கொண்டு இறங்குவானே, அந்தச் சுகம் மண்டி மூலையில் கிடைக்குமா? அதைப் பறிகொடுக்க அவனால் முடியாது.

ஆகவே கண்ணாடி. வட்டமான, வெள்ளிக் கம்பி போட்ட கண்ணாடி. போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவன், மனைவியைப் பார்த்து அசந்துபோனான்.

“பிலோமி, உன் மோவாயில மச்சம் கீதா?”

“கல்யாணத்துலேருந்து கீது. நீ இத்தினி நாளா யாரு மூஞ்சிய பாத்துக்கினு இருந்தே?”

புதன்கிழமை முந்நூறு முட்டையோடு கிளம்பினான். உலகம் பளிச்சென்று இருந்தது. காசிமேட்டில் மீன்காரி வியாகுலம்மாள் நடுத் தெருவில் கூடையோடு நின்று யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்டானிஸ்லாஸ் அவளைப் பார்த்தான். அவள் மூக்குத்தியின் கல்லைக்கூடப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்துச் சிரித்தாள். இருவரும் பார்த்துக்கொண்டே இருக்கும்போது சைக்கிள் அவள் கூடையில் போய் மோதியது. பிரேக்கைப் பிடித்திருக்கலாம்தான். ஆனால் பிரேக்கைத் தொடுகிற வழக்கமே அவனுக்குக் கிடையாது. பதினாலு வருஷத்தில் அதற்குத் தேவை வந்ததில்லை.

“கண்ணாடி போட்டுக்கினுமா கண்ணு தெரியலே?” என்று கேட்டுக்கொண்டே வியாகுலம்மாள் தலையில் வழிந்த மஞ்சள் கருவைத் துடைத்தாள்.

இருபத்திரண்டு முட்டை காலி. ஸ்டானிஸ்லாஸ் நேரே சுப்பராயனிடம் போனான்.

“வேர்வையில வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துருச்சு ஸார். அதான் தூரம் தப்பாத் தெரியுது.”

சுப்பராயன் யோசித்து, காதைச் சுற்றி வளைத்துப் பிடிக்கிற கம்பி போட்ட கண்ணாடியைக் கொடுத்தார். குதிரை ஏறுகிறவர்களே இதைத்தான் போடுகிறார்கள் என்றார். அவர் எந்தக் குதிரைக்காரனையும் பார்த்தவரில்லை.

கண்ணாடி அசையவில்லை. மறுநாள் தண்டையார்பேட்டையில் கைவண்டிக்கார ஆறுமுகநயினார் நடு ரோட்டில் மூட்டை வண்டியை நிறுத்திவிட்டு நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் தலைப்பாகையில் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே போய் ஸ்டானிஸ்லாஸ் சைக்கிளோடு அந்த வண்டிமேல் ஏறினான். நாற்பது முட்டை.

“எதிர்காத்துல கண்ணுல தண்ணி வருது ஸார், தூசி வேற!”

“அப்படியானால் பக்கத்தில் தோல் மறைப்பு வைத்த கண்ணாடிதான் சரி. மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுவது. உன் பவரையே அதில் பொருத்தித் தருகிறேன்” என்றார் சுப்பராயன். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. ராத்திரி முழுக்கச் சாணை பிடித்தார்.

அதை மாட்டிக்கொண்டு தெருவில் வந்தபோது நாய்கள் குரைத்தன. காற்றும் வரவில்லை, தூசியும் வரவில்லை. எருமை ஒன்று மட்டும் வந்தது. அதன் சொந்தக்காரன் பக்கத்திலேயே பீடி பற்றவைத்துக்கொண்டு, ‘வாப்பா’ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டைப் பிடித்து இழுக்கவில்லை. அறுபது முட்டை போயிற்று. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை.

“நாளைக்கு சனிக்கெழமை. ஒரு முட்டை ஒடஞ்சாலும் மானேஜர் வேற ஆளப் பாத்துப்பாரு” என்றார் வஹாப் பாய். கத்தியிருந்தாலாவது தேவலை, அவர் மெதுவாகச் சொன்னார். அலி அக்பர் சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை ஸ்டானிஸ்லாஸ் மூன்று கண்ணாடிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தான். வெறுத்துப்போய்விட்டது. ஒன்றை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் கண்ணோடு, அந்தோணியார்மேல் பாரத்தைப் போட்டுச் சைக்கிளை எடுத்தான்.

உலகம் பழையபடி மங்கிக் குழம்பிக் கிடந்தது. ஆனால் என்ன ஆச்சரியம்! சைக்கிள் வழுக்கிக்கொண்டு போயிற்று. முன்னால் எங்கோ யார் யாரோ கூவினார்கள். ஊர்வலம் ஏதோ போகிறதென்று நினைத்துக்கொண்டான். கறுப்பாக, வெள்ளையாக, பெரிதாக ஏதேதோ இரண்டு பக்கமும் நகர்ந்து போயின. எதிலும் இடிக்கவில்லை. கேன்டீன் வாசலில் இறங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோட்டை விட்டுவிட்டு, சரியாக மானேஜருக்கே சலாம் வைத்தான்.

ஜேக்கப் தாமே எண்ணினார். முந்நூறு. ஒன்றில் கீறல்கூட இல்லை.

“பாத்தியா, எல்லாம் கண்ணாடி போட்டதோட பலன். ஆர்டர் உங்களுக்குத்தான்” என்றார்.

ஸ்டானிஸ்லாஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. திரும்பும்போது காசிமேட்டில் வியாகுலம்மாளின் கூடைக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தினான். புதன்கிழமைக்கு ஈடாக, தன் கணக்கில் தனியாக வைத்திருந்த நாலு முட்டையை எடுத்து நீட்டினான்.

“ஆர்டர் கெடச்சிருச்சுக்கா! கண்ணாடியெல்லாம் சொம்மா. பதினாலு வருசப் பழக்கம், ரோடு எனக்கு மனப்பாடம். கண்ண மூடிக்கினுகூட ஓட்டுவேன்.”

வியாகுலம்மாள் முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு, அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நல்லா ஓட்டு நைனா, ஆனா கண்ணாடிய கழட்டப் போறேன்னா முந்தின நாளே சொல்லு, பதினாலு வருசமா ஒதுங்கி ஒதுங்கி, நீ கண்ணாடி மாட்டின அப்பாலதான் நாங்க அப்பாடான்னு நடு ரோட்டுல நின்னோம், இன்னிக்கு மறுபடியும் பஸ் கண்டக்டர்கிட்ட சொல்லி வுட்டு, ஒத்தியூர் வரைக்கும் அத்தினி பேரையும் ஓரங்கட்ட வேண்டியதாப் போச்சு!”