ரெண்டாவது கை

படித்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டத் துடிப்பவர்களிடம் மைக்கைக் கொடுக்கவே கூடாது. கொஸ்லந்தக்காரர்கள் இதை என்னை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டின் தொடக்கம். நான் இலங்கை மலையகத்தில், பதுளையில் புது விஞ்ஞான டீச்சர். கொஸ்லந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ராசையா என்பவருக்கு எச்.ஐ.வி. இருப்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. அவர் மனைவி மகேசுவரியை லயத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவான பீலியில் தண்ணீர் பிடிக்கக்கூட மற்றவர்கள் விடவில்லை. அந்தப் பயத்தைப் போக்கப் பேச வேண்டுமென்று என்னை அழைத்தார்கள். என் அண்ணன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனான். தோட்டத்து மண்டபத்தில் ராசையாவும் மகேசுவரியும்கூட ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

வைரஸின் மேல் முள் முள்ளாகப் புரதம் இருக்கிறது, அது நம் வெள்ளணுவின் மேலுள்ள சிடி4 என்ற ஏற்பியைப் பிடிக்கும், பிடித்ததும் வடிவம் மாறி, பக்கத்து ஏற்பி ஒன்றையும் பிடிக்கும், அப்புறம்தான் உள்ளே நுழையும் என்றேன். மண்டபமே கொட்டாவி விட்டது. உடனே தோட்டத் தலைவரை மேடைக்குக் கூப்பிட்டேன். (யாரும் கேட்கவில்லை, நானாகத்தான்.)

"நீங்க வெள்ளணு, நான் வைரஸ்" என்று அவர் வலக்கையைப் பிடித்தேன். "இது முதல் பிடி." இடக்கையையும் பிடித்தேன். "இது ரெண்டாவது. இப்ப உள்ள போயிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மெல்லக் கைகளை உருவி, சாரத்தில் துடைத்துக்கொண்டார். மகேசுவரியின் பக்கத்திலிருந்த பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த பெஞ்சில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் மிஞ்சினார்கள்.

"அப்ப கையப் புடிச்சாலே தொத்திக்கும்" என்றார் ஒருவர்.

போக்க வந்த பயத்தை நானே செயல்முறை விளக்கத்தோடு ஊட்டியிருந்தேன். வெள்ளணு ரத்தத்துக்குள் இருக்கிறது, தோலைத் தொட்டால் வைரஸுக்குப் பிடிக்க இடமில்லை என்று கத்திப் பார்த்தேன். யாரும் உட்காரவில்லை. வேறு வழி தெரியாமல் இறங்கிப்போய் ராசையாவின் இரண்டு கைகளையும் பற்றினேன். அவர் தரையையே பார்த்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ.

"டீச்சர், கொஞ்சம் மெதுவா" என்றார் அவர் தணிந்த குரலில். "வலிக்குதுங்க."

முதலில் சிரித்தது மகேசுவரி. பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் தலைவரும் இறங்கி வந்து ராசையாவின் கையைப் பிடித்தார்.

மறுவாரம் மகேசுவரி பீலியில் தண்ணீர் பிடித்தாள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வீட்டார் மட்டும் ஒதுங்கியே நின்றார்களாம்.

எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்த என் அண்ணன் சும்மா இருப்பானா? என் கல்யாணத்தில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்ததும் அவர் காதில் ஓதினான்.

"ஒரு கையோட நிறுத்திக்குங்க மச்சான். ரெண்டாவதையும் குடுத்தா உள்ள வந்துருவா."

இப்போது நான் ஆசையாக அவர் பக்கம் இரண்டு கையையும் நீட்டினால், என் மகளே "அப்பா, ஜாக்கிரதை" என்கிறாள்.