இயக்குநர் பெயரில் ஒரு தேரை

"இந்த 'தாடைக்குக் கீழே தொங்கும் சதை' யாரோடது?" என்று கேட்டார் இயக்குநர்.

"தேரையோடது சார்."

"அது தெரியுது. முதல் வரியில என் பேரு. ரெண்டாவது வரியில தொங்கும் சதை. அதைக் கேட்டேன்."

தேரைக்காரி தன் கட்டுரையை எட்டிப் பார்த்தாள். ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் சொல்வார்கள். ஏழு வருஷமாக மழைக்காட்டில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு தேரைகளைப் பிடித்து, அளந்து, வகை பிரிப்பதே அவள் பிழைப்பு. அந்தப் பிழைப்பும் தற்காலிகம்தான். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. வேலை நிரந்தரமாக இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த நேரம் பார்த்து, யாரும் இதுவரை கண்டிராத தேரை ஒன்று அவள் கையில் சிக்கியது. புது இனத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. இந்த இயக்குநரே தன் இளவயதில் கண்டுபிடித்த முதல் தேரைக்கு அப்போதைய இயக்குநரின் பெயரைத்தான் வைத்திருந்தார். அதே வழியில் போனால் மனிதர் குளிர்ந்துவிடுவார் என்று நம்பினாள். மனிதரோ புலனாய்வில் இறங்கிவிட்டார்.

"ஒரு மரியாதைக்குத்தான் சார் உங்க பேரை வச்சேன்."

"மரியாதைக்கு!" அவர் கண்கள் இடுங்கின. "சரி, 'காரணமின்றி விட்டு விட்டு உறுமும்'னு எழுதியிருக்கே?"

"அதோட குரல் சார் அது."

"க்ஹூம்" என்று செருமிய இயக்குநர், தன் செருமலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார்.

சத்தியமாக அதுவரை அவளுக்கு அப்படியொரு நினைப்பே இல்லை. இப்போது நிமிர்ந்து பார்த்தால், அந்தத் தாடை, அந்த முழி... ஐயோ! பார்வையைச் சட்டென்று அலமாரிப் பக்கம் திருப்பினாள்.

அங்கே பியூன் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அலமாரியின் ஒரு கோடியில் பழைய இயக்குநரின் புகைப்படம். மறுகோடியில், கண்ணாடி ஜாடிக்குள், அவர் பெயர் கொண்ட தேரை. பியூன் ஜாடியைப் படத்தின் பக்கம் நகர்த்தியதுதான் தாமதம், இயக்குநர் துள்ளி எழுந்தார்.

"எத்தனை தடவை சொல்றது? அதை அந்தப் பக்கம் கொண்டுபோகாதய்யா!"

பியூன் ஜாடியைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

மறுநாள் அவள் கட்டுரையைத் திருத்திக்கொண்டு வந்தாள். தொங்கும் சதை 'கம்பீரமான தாடை' ஆகியிருந்தது. உறுமல் 'கணீர்க் குரல்' ஆகியிருந்தது.

"தேரைக்கு ஏதும்மா கம்பீரம்? நக்கலா?"

"ஐயையோ, இல்ல சார்!"

"அப்போ நேத்து எழுதினது நிஜம். இன்னிக்கு எழுதினது மழுப்பல். அப்படித்தானே?"

மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. உதிக்காமலே இருந்திருக்கலாம்.

"சார், உங்க வீட்டம்மா பேரை வச்சிடலாமா?"

இயக்குநரின் முகம் மலர்ந்தது. உற்சாகமாகப் பக்கத்தைப் புரட்டியவர் பாதியில் நின்றார்.

"'பெண், ஆணைவிட இரு மடங்கு பெரியது. ஆணை முதுகில் ஏற்றிக்கொண்டு, தான் நினைத்த இடத்துக்கெல்லாம் போகும்.'" காகிதத்தை மெதுவாகக் கீழே வைத்தார். "எங்க வீட்டு விஷயத்தை உங்ககிட்ட யார் சொன்னது? டிரைவரா?"

"இந்தத் தேரைங்க எல்லாமே அப்படித்தான் சார்!"

"டிரைவர்தான்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏழு வருஷ உழைப்பு ஒரு தாடைச் சதையில் போய்த் தொங்குகிறதே! இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று போட்டு உடைத்துவிட்டாள்.

"சார், கேலியும் இல்ல, மரியாதையும் இல்ல. எனக்கு வேலை நிரந்தரமாகணும். உங்களுக்கு ஐஸ் வைக்கலாம்னுதான் உங்க பேரைப் போட்டேன்."

இயக்குநர் அவளை உற்றுப் பார்த்தார்.

"வெறும் ஐஸா?"

"வெறும் ஐஸ்தான் சார்."

"சத்தியமா?"

"சத்தியமா சார்."

"அடடா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? மரியாதைன்னதும் நான் பயந்தே போயிட்டேன்!"

கட்டுரையில் ஒரு கையெழுத்து, நிரந்தர ஆணையில் ஒரு கையெழுத்து. தொங்கும் சதையைக்கூட அப்படியே விடச் சொல்லிவிட்டு, லேசாக உறுமியபடி சாப்பிடப் போனார்.

கோப்பை எடுக்க வந்த பியூனிடம், "என்னங்க இது, மரியாதைன்னா இந்த மனுஷன் இப்படி மிரள்றாரு?" என்று கேட்டாள் அவள்.

பியூன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு ஜாடியைத் தூக்கி வந்து புகைப்படத்தின் பக்கத்தில் வைத்தார். அதே சப்பை மூக்கு. அதே பிதுங்கிய கண். இடது பக்கம் கோணிய அதே வாய்.

"இவரும் மரியாதைக்குன்னுதான் மேடம் அந்த ஐயாகிட்ட சொன்னாரு. இந்த மூஞ்சி சிக்கற வரைக்கும் காட்டுல எத்தனை புதுத் தேரையைத் திருப்பி விட்டோம்னு, கூடப் போன எனக்குத்தான் தெரியும்."