திரும்பி வந்த கல்யாண மாலை

ஆடி பதினெட்டு, காலை. இடம்: ஸ்ரீரங்கம், காவிரிப் படித்துறை. காற்று: மேற்கிலிருந்து, மிதமாக. நீர்: பாதிப் படிகள் வரை. வந்திருந்தோர்: மகள் கயல், அவள் கணவர், அவருடைய தாயார், என் மனைவி வசந்தா, நான். நோக்கம்: மணமக்களின் கல்யாண மாலையை ஆற்றில் விடுதல். விளைவு: மாலை போகவில்லை.

கப்பலில் குறிப்பெழுதிப் பழகிய கைக்கு அந்த நாளை வேறு விதமாகத் தொடங்கத் தெரியவில்லை. நீரோட்டங்களை ஆராய்வதிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். அந்த ஆடிக்குச் சற்று முன்புதான் கடல் ஆய்வு நிறுவனமொன்றின் இயக்குநராகியிருந்தேன். பதவி வந்துவிட்டது, அடக்கம் வந்து சேரவில்லை. (அது ஓய்வூதியத்தோடு சேர்ந்து வரும் என்பது வசந்தாவின் கணிப்பு.)

ஜீயபுரத்திலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மாள் சகுனம் பார்ப்பவர். முதல் ஆடிப்பெருக்கில் மாலை தடையின்றிப் போனால்தான் மகனின் குடித்தனம் நல்லபடி நடக்கும் என்று உறுதியாக நம்பினார். ஆகவே வசந்தா வீட்டிலேயே எச்சரித்திருந்தாள்: "இன்னைக்கு ஒரு நாள் நீங்க சும்மா நின்னாப் போதுங்க. கயல் அந்த வீட்ல வாழணும்."

நான் சும்மா நிற்கவில்லை. எல்லோரும் மாலை விட்ட இடத்தில் கூட்டம் நெரிந்தது. பக்கத்தில் ஒரு சுவர் ஆற்றுக்குள் நீண்டிருந்தது. நீர் போகும் திசையில், அதன் மறுபுறத்தில் ஒருவருமில்லை. நீரின் மேற்பரப்பை நிபுணனுக்குரிய முகத்துடன் நோக்கினேன்.

"இங்க விட்டா நேரா கடல்தான்."

"அண்ணன் கடலையே அளக்குறவரு. சொன்னா சரியா இருக்கும்," என்றபடி சம்பந்தியம்மாள் முதலில் இறங்கினார்.

மாலை சற்றுத் தூரம் சென்றது, நின்றது, யோசித்தது, வளைந்து கயலின் காலடிக்கே வந்தது. மறுபடி விட்டோம். மறுபடி வந்தது. ஓடும் நீர் ஒரு சுவரைக் கடந்ததும் அதன் பின்னால் சுழன்று திரும்பும் என்பது, நானே மாணவர்களுக்கு முதல் வாரத்தில் நடத்திய பாடம்.

"நாய்க்குட்டி மாதிரில்ல வருது," என்றார் மேல்படியில் துணி பிழிந்துகொண்டிருந்த ஒருவர்.

"இது எதிர்ச்சுழல். இயற்கையாகவே…" என்று விளக்கியவாறு மாலையைத் தள்ளக் குனிந்தேன். படியில் பாசி. எழுந்தபோது மகளின் கல்யாண மாலை என் கழுத்தில் கிடந்தது.

சம்பந்தியம்மாளின் முகம் மாறிவிட்டது. "மனசுக்குச் சரியாப் படலைங்க," என்றார். கயல் யாரையும் பார்க்கவில்லை.

வசந்தா மட்டும் நிதானமாக இருந்தாள். "என்ன அண்ணி சரியாப் படல? காவேரி தெளிவாத்தான சொல்றா, பொண்ணை அப்பப்ப அம்மா வீட்டுக்கு அனுப்பி வையுங்கன்னு. இல்லாட்டி மாலை எங்ககிட்டயே ஏன் வருது?"

சம்பந்தியம்மாள் அவளைப் பார்த்தார். பிறகு, நீர் சொட்ட நின்ற என்னைப் பார்த்தார். சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை.

"இதைச் சொல்லத்தான் அண்ணனைத் தண்ணியில தள்ளுனீங்களாக்கும். சரி, மாசம் ஒருக்கா அனுப்புறேன். போதுமா?"

மாப்பிள்ளை என் கழுத்திலிருந்ததைக் கழற்றிக்கொண்டு போய், கூட்டத்துக்குள் புகுந்து எல்லோரும் விடுமிடத்தில் விட்டார். உடனே போய்விட்டது.

சொன்ன சொல்லைச் சம்பந்தியம்மாள் காப்பாற்றினார். கயல் மாதந்தோறும் வருவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மாலை வந்துடுச்சும்மா," என்பாள். வசந்தா மறைந்து ஓராண்டு ஆகப்போகிறது. கயல் இப்போதும் வருகிறாள். "மாலை வந்துடுச்சுப்பா," என்கிறாள்.

செய்யாமல் நின்றவை:

எதிர்ச்சுழலைச் சம்பந்தியம்மாளுக்கு விளக்கி முடித்தல்.

நிறுவனத்திலிருந்து கொண்டுவந்த புத்தகப் பெட்டிகளைப் பிரித்தல்.

வசந்தாவை ஒருமுறை ஆய்வுக் கப்பலில் அழைத்துச் செல்லுதல். கேட்டிருந்தாள். அனுமதி தரவேண்டிய அதிகாரி நான்தான்.