ஸ்ரனிஸ்லாஸின் நேர்த்திக் கோழிகள்

கூட்டுக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிய ஸ்ரனிஸ்லாஸுக்கு அன்றைக்கும் அகப்பட்டது எச்சம்தான். கோழிகள் ஐந்து, மாதம் நான்கு, முட்டை பூச்சியம்.

ஜப்பான்காரன் குண்டு போட்டுக் கொழும்பு கலைந்து ஓடிய நாளில், மன்னாருக்கு மூட்டை கட்டிய பக்கத்து வீட்டுக்காரரிடம் அரை விலைக்கு வாங்கிய கோழிகள் அவை. வாங்கியவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கோட்டையில் தான் வேலை பார்க்கும் கந்தோரில், யுத்தம் முடியுமட்டும் முட்டைக்கு ஒரு சதம் கொடுக்க மாட்டேன் என்று சபதம் வேறு செய்துவிட்டார். அன்றிலிருந்து மற்றக் கிளாக்கர்மார் காலை வணக்கத்தைக் கைவிட்டு, "இண்டைக்கு எத்தினை, ஸ்ரனிஸ்லாஸ்?" என்றுதான் கேட்டார்கள். சொந்தக் கோழியின் முட்டை ஒன்றையாவது தின்றுவிட்டு அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும். அதைவிட வேறு ஆசை அவருக்கு அப்போது இருக்கவில்லை.

கூப்பன் அரிசியில் கோழிக்குப் பங்கு கிடையாது என்பது அவருடைய சட்டம். தேயிலைச் சக்கை, வாழைக்காய்த் தோல், சப்பித் துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, இவைதான் தீன். கோழிக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதென்று மனைவி மாக்ரெட் சொல்லிப் பார்த்தாள். சரியென்று, மீன் சந்தையில் சும்மா கிடைத்த குடலைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தார். குடலுக்குக் கோழிகள் வந்தனவோ இல்லையோ, கொட்டாஞ்சேனைப் பூனைகள் அத்தனையும் வந்தன. பூனைக்குப் பயந்து கூட்டைக் கம்பியால் வரிந்து கட்டினார். அது மாக்ரெட் துணி காயப்போடுகிற கம்பி. துணிகள் மற்றப் பக்கத்து வீட்டு ஜவாஹிறாவின் தென்னோலைக் கிடுகு வேலிக்கு ஏறின. கோழிகளும் வேலிக்கு ஏறின. கழுவிய சேலையை மாக்ரெட் மூன்று தரம் கழுவினாள்.

"ஒண்டில் இதுகளை வித்துப்போடுங்கோ, இல்லாட்டி நான் குழம்பு வைச்சுப்போடுவன்," என்றாள் அவள்.

"ஒரு முட்டை போடட்டும். அதுக்குப் பிறகு கதையும்."

காசில்லாத வழி ஒன்றுதான் மிச்சமிருந்தது. செவ்வாய்க்கிழமை கோயிலில் அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் முழந்தாளிட்டு, பக்கத்தில் மாக்ரெட் இருக்க, வாய்விட்டே நேர்ந்தார். முதலில் முட்டை போடுகிற கோழி புனிதருக்கு. மிச்சம் நாலும் வீட்டுக்குப் போடவேண்டும்.

சனிக்கிழமை கந்தோர் அரை நாள். மத்தியானம் வீடு வந்து, சாரத்துக்கு மாறி, கூட்டுக்குள் கையை விட்டார். கறுப்பியின் கீழே, கழுவித் துடைத்து வைத்ததுபோல ஒரு முட்டை! ஸ்ரனிஸ்லாஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடாத குறை. அவிக்கச் சொல்லி நீட்டினார். மாக்ரெட் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"முதற்பலன் புனிதருக்கெல்லோ. கோழியோட முட்டையும் போகவேணும்."

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நேர்த்திப் பொருள்களை ஏலம் போட்டபோது கறுப்பியைத் தையல்காரி நேசம் எடுத்தாள். முட்டை சுவாமியாரின் காலைச் சாப்பாட்டுக்குப் போனது. மிச்சம் நாலும் அந்த வாரம் தின்றதோடு சரி.

புனிதர் பாதி மன்றாட்டைக் கேட்டுவிட்டார், திருப்பி நேர்ந்தால் மற்றப் பாதியையும் கேட்பார் என்று மாக்ரெட் தைரியம் சொன்னாள். நேர்ந்தார். சனிக்கிழமை சிவப்பி போட்டது. ஞாயிற்றுக்கிழமை சிவப்பி போனது. பிறகு வெள்ளைச்சி. இழந்ததைப் பிடிக்கப் போகிற சூதாடிக்கும் அவருக்கும் இப்போது வித்தியாசம் இல்லை. கந்தோரில் ஒரு கடிதத்துக்குப் பாதிப் பதில் வந்தால் நினைவூட்டல் அனுப்பலாம், புனிதருக்கு என்னத்தை அனுப்புவது என்று வழியெல்லாம் புறுபுறுத்தார். போதாததற்கு, கறுப்பி தன் வீட்டில் நாள் தவறாமல் முட்டை போடுகிறதென்று நேசம் கோயில் வாசலில் வைத்துப் பத்துப் பேர் கேட்கச் சொன்னாள்.

"தவிடும் நெத்தலித் தூளும் போடுறனான். வேறயொண்டும் இல்லை, அண்ணே."

அவருக்கு வயிறு எரிந்தது. தவிடு எங்கேயாவது சும்மா கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தார். மாக்ரெட் மட்டும் வர வர உற்சாகமாகிக்கொண்டே போனாள். பாட்டுக்கூட வந்தது.

கடைசியில் இரண்டு மிஞ்சின. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஒன்றைப் புனிதருக்கும் ஒன்றைத் தனக்கும் என்று பங்கு பிரித்து நேர்ந்தார். ஆனால் இந்தமுறை மனதுக்குள் ஒரு களவு இருந்தது. முட்டை விழுந்த சூட்டோடு, மாக்ரெட் முதற்பலன் கதையை எடுக்கமுன், உடைத்து வாயில் ஊற்றிவிடுவது. புனிதருக்குக் கோழி போதும்.

சனிக்கிழமை காலை கோட்டும் தொப்பியுமாகக் கந்தோருக்கு வெளிக்கிட்டவர், சந்திவரை போய்ச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்தால் வந்தார். மாக்ரெட் தெருக் குழாயடிக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். கூட்டுக்கும் வேலிக்கும் இடையில், சட்டைப் பையில் உப்பும் மிளகும் மடித்த கடதாசியோடு குந்தினார். கால் விறைத்தது. கழுத்தில் எறும்பு ஊர்ந்தது. உள்ளே இரண்டு கோழிகளும் கடன்காரனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தன. போடு, ஒன்றே ஒன்று போடு என்று அவற்றைக் கெஞ்சினார். உயிரோடு இருந்த தாயைக்கூட அவர் அப்படிக் கெஞ்சியதில்லை.

எறும்பைத் தட்டக் கையைத் தூக்கியபோது தொப்பி கூட்டில் இடித்தது. கோழிகள் கொக்கரித்தன. வேலிக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. அங்கே தாரா வாத்தும் கோழியும் வளர்த்து முட்டை விற்கிற ஜவாஹிறா, இந்தப் பக்கம் நிற்பது யாரென்று பார்க்காமலே, கிடுகு இடுக்கால் கையை நீட்டினாள். கையில் பெரிதாக, இளம்பச்சை நிறத்தில் ஒரு முட்டை இருந்தது.

"மாக்ரெட் புள்ள, இந்தக் கெழம கோழி முட்ட முடிஞ்சி, தாரா முட்டதான் ஈக்கிது. இத கூட்டுக்குள்ள வெச்சா ஒங்கட மனுசன் கண்டுபுடிச்சிருவாரா?"