யாருக்கு வேண்டுமானாலும் என்று ஒரு வரி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மகளும் சுகம். அவளால் நான்தான் கொஞ்சம் இளைத்திருக்கிறேன்.

மருந்துக் கடைச் சங்கத்துக்காரர்கள் என் கடை வாசலில் திருப்பிக் கொண்டுவந்து கொட்டிய பில் போடும் கணினிகள் அத்தனையும் நேற்று எழுந்துவிட்டன. எழுப்பியது உங்கள் மகள்.

மொத்தமாக மலிவாய்க் கிடைத்த சரக்கு. அதில் உங்கள் மகள் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறாளே, அந்தக் கட்டற்ற, அதாவது யாரும் எடுத்துத் திருத்தி யாருக்கும் கொடுக்கலாம் என்கிற, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டேன். ஆனால் பட்டனை அமுக்கியதும் முதலில் ஓடி மற்றதையெல்லாம் எழுப்புகிற குட்டி நிரல், பூட்லோடர் என்பார்கள், அது மட்டும் மெஷின் தயாரிப்பாளர் பூட்டி வைத்திருக்கிற சொத்து, சிஸ்டத்தோடு வராது. நான் என்ன செய்தேன், அவர்கள் கொடுத்த பென்டிரைவிலிருந்து எடுத்து ஒவ்வொரு மெஷினிலும் கையாலேயே திணித்து விற்றுவிட்டேன். முதல் அப்டேட் வந்து அதைத் துடைத்துவிட்டுப் போனது. எல்லாக் கடையிலும் கறுப்புத் திரை. சங்கச் செயலாளர் அம்மா வாசலிலேயே நின்று, "முதலாளி, மருந்துச் சீட்டோட ஜனம் நிக்குது, நான் கையால பில் எழுதறேன். இந்த மாசத்துக்குள்ள எழுப்பித் தாங்க, இல்லேன்னா மாத்திரையோட சேத்து உங்க கடைப் பேரையும் சொல்லிச் சொல்லிக் கொடுப்போம்" என்றார். சம்பந்தி, நான் தள்ளுவண்டியில் சார்ஜர் விற்று மேலே வந்தவன். சரக்கு இன்று வரும் நாளை போகும், பேர் போனால் போனதுதான்.

உங்கள் மகளிடம் போய் நின்றேன். "கையால வெச்சது நிக்காது மாமா. சிஸ்டத்துக்குள்ளயே பேக்கேஜா போகணும், அப்பதான் அப்டேட்டோட சரியானது தானா வரும். அதுக்குத் தயாரிப்பாளர் எழுத்துல அனுமதி தரணும்" என்றாள்.

அனுமதிதானே! அவர்களுடைய விற்பனை மேலாளர் அறையில், ஏசியில் மூக்கு உறைகிறவரை உட்கார்ந்து, 'இந்தக் கடைக்கு மட்டும்' என்று கையெழுத்து முத்திரையோடு வாங்கிவந்தேன். எதிர்க்கடைக்காரன் முகம் போகிற போக்கை நினைத்து வழியெல்லாம் தனியாகச் சிரித்தேன். உங்கள் மகள் படித்துவிட்டு, "இது உதவாது மாமா" என்றாள்.

"ஏம்மா, கையெழுத்து இருக்கே?"

"'மட்டும்'னும் இருக்கே. இந்த சிஸ்டத்தை யாரும் யாருக்கும் காப்பி பண்ணிக் கொடுக்கலாம். நமக்கு மட்டும் அனுமதின்னா, கொடுக்கறவங்க எல்லாரும் திருடங்களாயிடுவாங்க."

"அப்ப எதிர்க்கடைக்காரனுக்கும் நானே வாங்கித் தரணுமா?"

"ஆமா."

"ஒரு நன்றியாவது சொல்லுவானா?"

"அவருக்குத் தெரியவே தெரியாது."

"சத்தம் போடாம உள்ள வெச்சுடேன், யாரு பாக்கப்போறா?" என்றும் கேட்டுப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. "அது என் பேர்ல போகும் மாமா" என்றாள். பேர் என்று சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுபடி அதே ஏசி அறை. "உங்க நிரல் எல்லார் கையிலயும் இருந்தா உங்க மெஷின் ஊரெல்லாம் விக்கும். எனக்கு மட்டும்னா என் கடை அகலத்துக்குத்தான் விக்கும்" என்றேன். மேலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போன வாரம் நீங்கதானே 'மட்டும்' போடச் சொல்லி உயிரை வாங்கினீங்க?" "அது போன வாரம் சார்." என் ஏகபோகத்தை என் வாயாலேயே ஒழித்துக் கட்டினேன். மாற்றாமல் கொடுப்பதானால் யாரும் யாருக்கும் கொடுக்கலாம் என்று ஒரே வரி எழுதித் தந்தார்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் வேடிக்கை. கட்டற்ற சரக்கோடு இதைக் கலக்கவில்லை. தனிப் பிரிவில் வைத்து, 'இது கட்டற்றதல்ல. உள்ளே என்ன இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது. எங்களால் திருத்தவும் முடியாது' என்று மேலேயே எழுதினாள். பதறிப்போய், "இப்படி எழுதினா எவம்மா எடுப்பான்?" என்றேன். "தெரிஞ்சு எடுக்கட்டும் மாமா" என்றாள். அந்த சிஸ்டத்தில் அவளோடு வேலை பார்க்கிற, அவள் முகம்கூடப் பார்த்திராத கூட்டாளிகள், உரிமக் குறிப்பில் ஒரு வரி விட்டுப்போனதென்று திருப்பி அனுப்பினார்கள். முணுமுணுக்காமல் திருத்தி அனுப்பினாள். என் கணக்குப்பிள்ளையாக இருந்தால் சம்பளமும் வாங்கிக்கொண்டு முகத்தையும் தூக்கிவைத்திருப்பான்.

எல்லா மெஷினிலும் சிஸ்டத்தைப் புதிதாகப் பதிந்தோம், எழுந்தன. அடுத்த அப்டேட்டையும் ஓட்டினோம், அப்போதும் எழுந்தன. செயலாளர் அம்மா இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். எதிர்க்கடைக்காரனும் இன்று காலை அதே மாடலை அடுக்கிவிட்டான். எரிகிறதுதான், ஆனால் முன்பு மாதிரி இல்லை.

ஆகவே சம்பந்தி, இவ்வளவு கெட்டிக்காரி ஊருக்கு உழைத்து வீணாகக் கூடாது. அதை விட்டுவிட்டு என் நாற்காலியில் உட்காரச் சொல்லி, அப்பா என்ற முறையில் நீங்கள் கண்டித்து எழுத வேண்டும். உங்கள் மாப்பிள்ளைக்கு அந்தத் தைரியமில்லை. எனக்கும் இல்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பேரன் பேத்திகளோடு நீங்கள் நெடுநாள் நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கண்டித்து எழுத வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மகள் படித்துவிட்டாள். பேசி முடித்தது இது: அந்த வேலையை அவள் விடமாட்டாள். நான் சரக்கு வாங்கப் போகிற நாளில் மட்டும் பேரம் பேசக் கூட வருவாள். பதிலுக்கு, இந்தப் பேக்கேஜ் புதிதாக வரும்போதெல்லாம் வெளியே விடுமுன் என் சொந்த மெஷினில் நான் ஓட்டிப் பார்த்து, எழுந்ததா இல்லையா என்று என் பேர் போட்டு எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு பேருக்கும் சம்பளம் கிடையாது.