காலியிடத்தின் நிரந்தரத் தலைவர்

மனித நாகரிகம் தொடங்கியதே, எவனோ ஒருவன் தன் பெயருக்கு மேல் ஒரு பட்டத்தை எழுதிக்கொண்ட நாளில்தான். இது பெரியவரின் கருத்து. அவருடைய குடும்ப மெத்தைக் கம்பெனியில் சம்பளம் வாங்கும் யாரும் இதுவரை இதை மறுத்ததில்லை.

ஆகவே, கம்பெனிக்கு இணையதளம் தயாரானபோது, அதைத் தயாரித்த தம்பியின் மருமகளைத் தம் அறைக்கு அழைத்து முறைப்படி விசாரித்தார்.

"ஆளுக்கு ஒரு பக்கம், பெரிய மாமா. எல்லாத்துக்கும் ஒரே அச்சு. படத்துக்கு மேல பட்டம் எழுத ஒரு இடம். விருப்பம் இருந்தா எழுதலாம், இல்லன்னா விட்டுடலாம்."

"விருப்பமா?" பெரியவரின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. "குடும்ப மானத்துல விருப்பம் என்னம்மா விருப்பம்?"

"விட்டாலும் வெறுமையா இருக்காது மாமா. பொதுவா ஒண்ணு வச்சுட்டா, காலியா இருக்கற பக்கத்துல எல்லாம் தானா அதுவே வரும். என்ன வைக்கட்டும்?"

"இதையெல்லாமா கேப்பாங்க? இந்த வீட்டுல எந்த இடம் காலியா இருந்தாலும் அங்க நான்தான். 'நிரந்தரத் தலைவர்'னு வை."

வைத்தாள்.

அன்று மாலையே குடும்பக் கூட்டம் கூடி, பெரியவர் முன்மொழிந்த தீர்மானத்தைப் பெரியவரே வழிமொழிய, ஒருமனதாக நிறைவேற்றியது: 'செய்யும் வேலையைச் சொல்லாத பட்டத்தை யாரும் எழுதிக்கொள்ளக் கூடாது.' தம்பிக்குப் 'பஞ்சுக் கொள்முதல்' கிடைத்தது. தம்பி மகனுக்கு 'விற்பனைப் பொறுப்பு'. பெரியவரின் பக்கத்தில் 'நிரந்தரத் தலைவர்' பளிச்சென்று நின்றது. அதை யார் எழுதினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சூரியனை யார் ஏற்றிவைத்தார்கள் என்று கேட்கிறோமா?

இப்படி மானம் தழைத்துக்கொண்டிருந்த வேளையில், தம்பி மகன் ஒரு மாபாதகம் செய்தான். மெத்தை வாங்க வந்த தங்கும் விடுதி முதலாளியிடம், "இது வேண்டாம் சார், நடுவுல பள்ளம் விழும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டான். வந்தவர் வெறுங்கையோடு போனார்.

"அவன் பட்டத்தைப் பிடுங்கு!" என்றார் பெரியவர்.

மருமகள் தயங்கினாள். தன் கணவன் என்பதால் அல்ல. "காலி பண்ணினா அந்த இடத்துல என்ன வரும்னு…"

"சொன்னதைச் செய்யம்மா!"

செய்தாள்.

மறுநாள் காலை விடுதி முதலாளி மலர்ந்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"தலைவரைப் பாக்கணும்."

"பாத்துக்கிட்டுதான் இருக்கீங்க" என்றார் பெரியவர்.

விடுதி முதலாளி கைப்பேசியில் கம்பெனியின் இணையதளத்தைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். "படத்துல இளமையா இருக்காரே?"

"அவன் பட்டம் பிடுங்கப்பட்டவன்!"

"பிடுங்கினதுக்கே நிரந்தரத் தலைவரா? உண்மை சொன்ன பிள்ளையைத் தலைவராக்கின கம்பெனின்னுதான் ஓடி வந்தேன். நல்ல பஞ்சு வச்சுத் தர்றதா அவர் சொன்னா, என் விடுதி முழுக்க உங்க மெத்தைதான்."

பெரியவர் உள்ளே பாய்ந்தார். "எடும்மா அதை! காலிக்குன்னு வச்ச பட்டத்தையே அழி!"

"அழிச்சா…"

"அழி!"

அழித்தாள். தம்பி மகனின் பக்கம் மொட்டையானது. பெரியவர் வெற்றிப் புன்னகையோடு தம் பக்கத்தைத் திறந்தார். அதுவும் மொட்டை.

"என் பட்டம் எங்கம்மா?"

"உங்க பக்கத்துல யாரும் எதுவும் எழுதலையே மாமா. காலிக்கு வர்றதுதான் இத்தனை நாளும் வந்துட்டிருந்துச்சு."

"இப்ப எழுது!"

"எழுதறேன். தீர்மானப்படி வேலையைச் சொல்லணும். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

அறையில் மின்விசிறி மட்டும் தன் வேலையைப் பார்த்தது. வாசலில் வந்து நின்ற தம்பி கூரையைப் பார்த்தார்.  பெரியவர் ஒரு மாபெரும் தியாகம் செய்பவரின் குரலில் சொன்னார்:

"பழையபடியே வச்சிடு."

வைத்தாள். இரண்டு பக்கங்களிலும் 'நிரந்தரத் தலைவர்' திரும்பி வந்தது.

வெளியே விடுதி முதலாளி கைப்பேசியை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தார். "உங்க ரெண்டு பேர்ல நிஜமான தலைவர் யாருப்பா?"

அங்கே நின்ற தம்பி மகன், வெளியே வந்த பெரியப்பாவை மரியாதையோடு பார்த்துக் கைகட்டிக்கொண்டான்.

"ரெண்டு பேருமே காலிதான் சார். நான் நேத்துலேர்ந்து, பெரியப்பா ஆரம்பத்துலேர்ந்து."